மீன்சட்டிக்கு மூன்று மதிப்பெண்

புதுக்கடையில் செல்போன் கடைக்கு மேலே இருக்கிற வாசகர் வட்டத்தின் அறை. தகரக்கூரையை மழை அறைந்துகொண்டிருக்கிறது. மாவட்டத்தின் சிறந்த வலைப்பூவுக்குப் பரிசு கொடுக்க, நடுவர்கள் சுயம்புலிங்கமும் ஜெனிலாவும் மடிக்கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். நாணயம் சேர்ப்பவர், ரப்பர் வளர்ப்பவர், பேருந்தில் ஊர் சுற்றுபவர் எல்லாரும் முடிந்து, திரையில் இப்போது ஒரு கடற்கரைப் பெண்ணின் ‘எங்க வீட்டு மீன்சட்டி’. சாளைமீன் போட்ட புளிமுளக் குழம்பின் மேல் எண்ணெய் மினுங்குகிறது. ரசவடைத் தட்டுக்கு அடியில் கிடக்கும் சுயம்புலிங்கத்தின் மதிப்பெண் தாளை ஜெனிலா உருவி எடுக்கிறாள். ‘தொடர்ச்சி இல்லை. மீனை விட்டுப் பருப்புக்குத் தாவுகிறார். பத்துக்கு மூன்று.’ எழுத்தின் மேல் வடையின் எண்ணெய் பரவியிருக்கிறது.

“முழுசா வாசிச்சியளா அண்ணே?” என்கிறாள். “தலைப்பெல்லாம் பாத்தேன். ரெண்டு மாசம் ஒண்ணும் எழுதல்ல. பொறவு வெறும் பருப்பும் பயறும். மீன் எங்க?” அவர் இன்னொரு வடையைப் பிய்க்கிறார். அவள் திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். சாளைப் படத்துக்குக் கீழே, அந்த இரண்டு மாத மௌனத்துக்கு முந்தைய கடைசி வரியில் அவள் விரல் நிற்கிறது: ‘கடலுக்குப் போன அவிய இன்னும் கரையேறல்ல.’ வடை அவர் கையிலேயே இருக்கிறது. “ஆளக் கடல் கொண்டுபோன வீட்டுல மீன் வைக்கமாட்டாவ,” என்கிறாள் ஜெனிலா. “அது எங்க கரைக்காரங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாண்டாம். வாசிச்சிருந்தா போதும்.” அவர் பேனாவை எடுத்து அந்த மூன்றை வெட்டப் போகிறார். ஜெனிலா தாளின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைக்கிறாள். “வெட்டாண்டாம் அண்ணே. எழுதினது அப்பிடியே கெடக்கட்டும். பரிசு குடுக்கிற அன்னிக்கு அவளும் வருவா. இத நீங்களே மைக்குல வாசியுங்க.”