உள்ளேயிருந்து தள்ளு

உள்ளே எந்நாளும் பனிக்காலம். கைப்பிடி வெளியே மட்டும். உள்ளே போனவர் தானாகத் திரும்ப முடியாது. அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் லூயிவில் நகரத்து மிஸஸ் டீட்மருக்கு, 1954 டிசம்பரில் ஒரு மாலை, அந்த விடை சமையலறை ஜன்னல் வழியே கண்ணெதிரே தெரிந்தது.

பக்கத்து வீட்டு வெர்னன் ஹேகர், கார் ஷெட்டில் ஒரு வெள்ளை ஃப்ரிட்ஜைத் திறந்தான். நான்கு வயது மகள் பெக்கியைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தான். கதவை மூடினான்.

கையில் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்!

மிஸஸ் டீட்மருக்கு அவன்மேல் ஏற்கெனவே நல்ல எண்ணம் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய மின்சாமான் ஆலையில் இன்ஜினியர் என்று பேர். ஆனால் அவள் பின்வாசலில் சும்மா கிடக்கும் பழைய ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று இரண்டு தடவை வந்து கேட்டான். அடுத்த வீட்டுச் சாமான்மேல் கண்!

பிசைந்த மாவை அப்படியே போட்டுவிட்டு, உருட்டுக்கட்டையும் கையுமாகப் பனியில் ஓடினாள்.

"பிள்ளையை வெளியே விடுடா! இல்லே, இது உன் தலையிலே விளையாடும்!"

வெர்னன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உஷ்... மூணு... நாலு..."

"பெத்த பிள்ளையை அடைச்சு வெச்சுட்டு எண்ணிக்கிட்டா இருக்கே? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"அஞ்சு!"

கதவு தானாகத் திறந்தது. சிவப்புக் குல்லாவோடு பெக்கி உருண்டு வந்து விழுந்தாள். ஒரே சிரிப்பு.

"எத்தனைப்பா?"

"அஞ்சு! நேத்து ஒம்பது!"

"இன்னொரு தடவை!"

மிஸஸ் டீட்மர் கதவைத் தடவிப் பார்த்தாள். கொக்கியைக் காணோம்.

"கொக்கியே கிடையாது, மிஸஸ் டீட்மர்," என்றான் வெர்னன். "இந்த ரப்பர் விளிம்புக்குள்ளே காந்தம். குளிரை வெளியே விடாது, குழந்தையை விட்டுடும். காந்தம் அதிகமானா பெக்கியால தள்ள முடியலே. குறைச்சா பால் கெட்டுப்போகுது. மூணு மாசமா முட்டிமோதி, இன்னிக்குத்தான் ரெண்டும் ஒத்துவந்திருக்கு!"

"மூச்சு முட்டிப்போனா?"

"பின்னாடி பாருங்க."

சோதனைக்காகப் பின்பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தான். பெக்கி அந்த வழியாகத் தலையை நீட்டி அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

"பிள்ளைங்க கண்ணாமூச்சி ஆடறப்போ எங்கே போய் ஒளியும்னு யாருக்குத் தெரியும்? கொக்கி வெச்ச பழைய பெட்டிக்குள்ளே போயிட்டா, உள்ளேயிருந்து திறக்கவே முடியாது. அதுக்குத்தான் ஆலையிலே இந்தப் பாடு. உங்க பின்வாசல்லே இருக்கிறதும்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே!" மிஸஸ் டீட்மர் உருட்டுக்கட்டையை உயர்த்தினாள். "அது எங்க வீட்டுக்காரர் கல்யாணத்தப்போ வாங்கினது. உங்க ஆலைக்காரங்க பல்பும் ஃபேனும் வித்துட்டு அப்போதான் ஃப்ரிட்ஜுக்கு வந்தாங்க. தெருவிலேயே முதல் ஃப்ரிட்ஜ் எங்களுதுதான், தெரியுமா? ஒரு திருகாணியைக் கழற்ற விட மாட்டேன்."

வெர்னன் கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

கூச்சலிட்டது அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. குனிந்து பெக்கியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"உங்கப்பாவை வீணாத் திட்டிட்டேன், கண்ணு. அதுக்குப் பதிலா உனக்கு ஏதாவது தரணும். என் வீட்டிலே எது வேணும்னாலும் கேளு."

"எதுவும்னா எதுவுமா?"

"சொன்ன பேச்சு மாறினா நான் டீட்மர் வீட்டுப் பொம்பளையே இல்லே. டப்பா நிறைய கேரமல் மிட்டாய் இருக்கு. அலமாரியிலே கண்ணாடிக் குதிரை இருக்கு. அடுப்பிலே ஆப்பிள் பை பலகாரம் வெந்துக்கிட்டிருக்கு."

பெக்கி யோசித்தாள். மிட்டாய் என்றதும் உதட்டை நக்கிக்கொண்டாள். குதிரை என்றதும் கண்ணை விரித்தாள்.

பிறகு தெருக்கோடி மேட்டைப் பார்த்தாள். மேடு முழுக்கப் புதுப் பனி. தெருப் பிள்ளைகள் அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியிலேயே அட்டை நனைந்து கிழிந்து, ஒவ்வொருவராகக் குப்புற விழுந்துகொண்டிருந்தார்கள்.

வெர்னன் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெக்கி, உட்கார்ந்து சறுக்குவதற்கு மிஸஸ் டீட்மரின் பழைய ஃப்ரிட்ஜ் கதவைக் கேட்டாள்.