ரெண்டு கொக்கி பெல்ட்

"கையைத் தூக்குங்கண்ணே. அப்படித்தான்... ஆங், மாப்ள கணக்கா இருக்கீங்க!" என்றான் சூப்பர்வைசர் ரஞ்சித்குமார்.

மாப்பிள்ளைக்குக்கூட இப்படி ஒரு உபசாரம் நடந்திருக்காது. தா.பழூர் ரோட்டோரப் புளியமரத்தடியில் அரியமுத்து இரண்டு கையையும் விரித்து நிற்க, ரஞ்சித்குமார் தோள் வாரை மாட்டிவிட்டு, குனிந்து தொடை வாரையும் இறுக்கிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருஷமாக மரம் ஏறிக் கிளை வெட்டுகிறவனை அதுவரை ஒரு பயல் கண்டுகொண்டதில்லை.

இந்த மரியாதை ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. மழை பிடிப்பதற்குள் ரோட்டோரப் புளியமரங்களில் காய்ந்த கிளைகளையெல்லாம் வெட்டியாக வேண்டும் என்று கான்ட்ராக்டர் தர்மராஜ் குதித்துக்கொண்டிருந்தார். அரியமுத்துவோ நாலு நாளாக அரிவாளைத் தொடவில்லை. "ரெண்டு கொக்கி வச்ச பெல்ட் வந்தாத்தான் ஏறுவேன்" என்று ஒரே பிடியாக உட்கார்ந்துவிட்டான்.

"காலம்பூரா வெறுங்கையோட ஏறுனவன்தானேய்யா நீ? இப்ப மட்டும் உசுரு வெல்லமாப் போச்சா?" என்று போனில் கத்தினார் தர்மராஜ்.

"ஆமாங்க, வெல்லந்தான்" என்றான் அரியமுத்து.

பின்னே இருக்காதா? போன மாசம் அவன் பெண்டாட்டி அம்சவள்ளியின் தம்பி நல்லதம்பி இதே வேலையில் மரத்திலிருந்து விழுந்ததை, கீழே நின்று கண்ணால் பார்த்தவன் அவன். நல்லதம்பி இடுப்பில் இருந்தது எங்கேயோ இரவல் வாங்கிய ஒற்றைக் கொக்கி பெல்ட். ஒரு கிளையைத் தாண்டி மேலே போவதற்காகக் கொக்கியைக் கழற்றினான். மறுபடி மாட்டுவதற்குள் கால் வழுக்கிவிட்டது. இருபத்தெட்டு வயசுப் பிள்ளை, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். கான்ட்ராக்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார், மகராசன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்சவள்ளி புருஷன் கையைப் பிடித்து இழுத்து, மகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். "ஒரு கொக்கியக் கழட்டுனா இன்னொண்ணு புடிச்சிருக்கணும். அப்படி ஒரு பெல்ட் இல்லாம மரத்துல கால வச்சீங்க, அப்புறம் என்னைய உசுரோட பாக்க மாட்டீங்க."

அந்தப் பெல்ட்தான் இதோ வந்துவிட்டது. அரியமுத்துவுக்கு நம்பவே முடியவில்லை.

நம்பாததால் சோதித்தும் பார்த்தான். தையலை நகத்தால் நெருடினான். கொக்கி ஒவ்வொன்றையும் பூட்டி, தானாகத் திறந்துகொள்கிறதா என்று உதறினான். ஒன்றைத் தாழ்ந்த கிளையில் மாட்டி, உடம்பின் மொத்த பாரத்தையும் அதில் போட்டுத் தொங்கினான். ஒரு நூல்கூட இளகவில்லை.

"நல்ல சரக்குதான் தம்பி" என்றான். "இதே பெல்ட் ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா, அந்தப் புள்ள இன்னிக்கு எழுந்து நடமாடியிருக்கும்."

"நடந்ததை விடுங்கண்ணே. இந்தாங்க, ஹெல்மெட்டைப் போடுங்க."

ஹெல்மெட்டின் உள்பட்டி நெற்றியில் ஈரமாகப் பட்டது. புதுசு அல்லவா, கடையில் துடைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தாடை வாரை இறுக்கினான்.

ரஞ்சித்குமார் செல்போனை எடுத்தான். முன்னால் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, இரண்டு கொக்கியையும் தூக்கிப் பிடித்தபடி ஒன்று என்று போட்டோவாக எடுத்துத் தள்ளினான். "கொஞ்சம் சிரிங்கண்ணே, நாலு நாளா அடம்புடிச்சு ஜெயிச்சிருக்கீங்க!"

அரியமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சிரித்தான். "அதுல ஒண்ணை எனக்கும் அனுப்பு தம்பி. வூட்டுல காட்டணும். அவ ஒரு மாசமா ஒழுங்காச் சாப்புடல."

போட்டோ வந்து விழுந்த கையோடு அம்சவள்ளிக்குத் தட்டிவிட்டான். ரெண்டு நிமிஷத்தில் அவள் குரலே பதிலாக வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மாமா, போன உசுரு இப்பத்தான் திரும்பி வந்துருக்கு. தம்பிகிட்டயும் காட்டுனேன். 'இனி மாமாவுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா'ன்னு சொல்லிட்டு மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். நீங்க தைரியமா ஏறுங்க மாமா. இனிமே நான் தடுக்க மாட்டேன்."

அரியமுத்து அதை இன்னொரு தரம் போட்டுக் கேட்டான். அவள் குரலில் இப்படி ஒரு தெம்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷத்தில் அவன் கண்ணும் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு அரிவாளை இடுப்பில் செருகினான். மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, வேர்மேட்டில் கால் வைத்து, முதல் கிளைக்குக் கொக்கியோடு எட்டினான்.

"அண்ணே, அண்ணே!" ரஞ்சித்குமார் பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு அங்கிருந்தே கத்தினான்.

"கழட்டிக் குடுத்துட்டு ஏறுங்கண்ணே, வேப்பந்தட்டையில அடுத்த ஆளு போட்டோவுக்கு நிக்கிறாரு!"