வெயில் பார்த்த ஓணான்

பாலைவனத்தில் ஓர் எலி, தன் குட்டிகளோடு வளைக்குள் குடியிருந்தது. கோடையில் விடிந்ததும் ஈரமண்ணால் வாசலை அடைத்துவிடும். பொழுது சாய்ந்த பிறகுதான் திறக்கும். அதனால் வெளியே மணல் கொதித்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

ஒருநாள் காலை ஓணான் ஒன்று வந்து, “வெயில் தாங்கலம்மா, கொஞ்சம் இடம் குடு” என்றது. எலி இரக்கப்பட்டு, அடைப்பை விலக்கி உள்ளே விட்டு, வாசலைத் திரும்ப அடைத்தது.

சற்று நேரத்தில் ஓணான் அடைப்பைத் தள்ளித் தலையை வெளியே நீட்டியது. “அப்பப்பா, என்ன வெயில்!”

அனல் உள்ளே புகுந்தது. எலி ஓடிவந்து மறுபடி அடைத்தது. “அண்ணே, திறக்காதீங்க. குட்டிங்க தாங்காது.”

“வெயில் குறைஞ்சிருக்கான்னு பாக்க வேண்டாமா? எல்லாம் உனக்காகத்தான்” என்ற ஓணான் மறுபடியும் திறந்தது. பிறகு இன்னொரு முறை. “என்னம்மா, வீடு இப்படிச் சுடுது? கட்டினதே சரியில்லை.”

நடுப்பகலில் கடைக்குட்டிக்கு மூச்சு இரைத்தது. எலி பதறிப்போய், நகம் தேய இன்னும் ஆழமாகத் தோண்டி, குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டுபோய்ப் படுக்கவைத்து, நடுவில் மண்ணால் அடைத்தது. கடைக்குட்டி பிழைத்துக்கொண்டது.

சாயங்காலம் எலி களைத்துப்போய் வெளியே வந்தபோது, ஓணான் அக்கம்பக்கத்து எலிகளிடம் பேசிக்கொண்டிருந்தது.

“பகல் பூரா நான் வாசலை விட்டு நகரலையே! வெயிலைக் கவனிச்சுக்கிட்டே இருந்தேன். இல்லேன்னா அந்தக் குட்டிங்க கதி என்ன?”

எலி வாய் திறக்கும் முன் பக்கத்து வளை எலி முந்திக்கொண்டது.

“அண்ணே, நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. எனக்கு அஞ்சு குட்டிங்க.”