இருபதாவது டம்மி

அந்த ஆளின் ஷூ பளபளவென்று இருந்தது. நடைபாதையில் அட்டையை விரித்துப் படுத்திருப்பவன் காலில் இப்படி ஒரு ஷூவா? கணக்கு டீச்சருக்குப் பொறி தட்டியது.

"எழுந்திருங்க. சீட்டை எடுங்க."

அவன் கண்ணைக் கசக்கினான். "என்ன சீட்டும்மா?"

"நடிக்காதீங்க. மஞ்சச் சீட்டு. எனக்கு நேரமில்ல."

"நான் துணிக்கடையில வேலை பாக்கறேம்மா. ஷூ இல்லாம உள்ள விடமாட்டாங்க. கழட்டி வெச்சுப் படுத்தா விடியறதுக்குள்ள காணாமப் போயிடும்." சொல்லிவிட்டு மறுபடி சுருண்டு படுத்துக்கொண்டான்.

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தாளில் இன்னொரு கோடு போட்டாள். நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

மணி ஐந்து ஐம்பது. ஆறு அடித்தால் எண்ணிக்கை முடிந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஆளாளுக்கு மூட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

போன வருஷம் இந்த வட்டாரத்தில் தெருவில் வசிப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் என்றது அரசாங்கம். அறுநூறுக்கு மேல் என்றது தொண்டு நிறுவனம். கோர்ட்டுக்குப் போனார்கள். ஐந்நூறு பேர் இருந்தால் மூன்று மாதத்தில் ஒரு காப்பகம் கட்டித்தர வேண்டும், மறுபடி எண்ணுங்கள் என்று உத்தரவு வந்தது.

எண்ணுகிறவர்கள் ஆளைப் பார்த்தும் பார்க்காததுபோல் தாண்டிப் போய்விடக் கூடாதே. அதற்காக ஒரு காண்ட்ராக்டர் மூலமாக இருபது டம்மி ஆட்களைக் கூலிக்குப் பிடித்து அங்கங்கே படுக்க வைத்திருந்தார்கள். யாராவது வந்து விசாரித்தால் டம்மி மஞ்சள் சீட்டை நீட்ட வேண்டும், அவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு டம்மியைத் தவறவிட்டாலும் மொத்த எண்ணிக்கையும் செல்லாது.

டீச்சர் போன வருஷமும் இந்த வேலைக்கு வந்தவள்தான். படுத்திருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள் என்றார்கள், அப்படியே செய்தாள். உட்கார்ந்தபடியே தூங்கியவர்களைத் தாண்டித் தாண்டி வந்தது ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"எத்தனை டீச்சர்?" மேற்பார்வையாளர் பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார்.

"நானூத்தித் தொண்ணூத்தொம்பது. டம்மி பத்தொம்பது. இன்னும் ஒரு ஆளும் வேணும், ஒரு டம்மியும் வேணும் சார்."

"பாக்காதது அந்தப் படிக்கட்டுக்கு அடியிலதான். வாங்க, வாங்க."

டீச்சர் நடக்கவில்லை, ஓடினாள். நடைமேம்பாலத்துப் படிக்கட்டுக்கு அடியில் இரண்டு பேர் இருந்துவிடக் கூடாதா என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. குனிந்து பார்த்தாள். ஒரே ஒரு போர்வைதான் தெரிந்தது.

அதற்குள் இருந்த தாடிக்காரர் அவளைக் கண்டதுமே எழுந்து உட்கார்ந்தார். "வாங்கம்மா. உங்களுக்காகத்தான் தூங்காம இருக்கேன்."

டம்மிதான் என்று டீச்சருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் டம்மி விட்டுப்போனால் எல்லாமே குப்பைக்குத்தான் போகும்.

அவர் தலைமாட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். மங்கிப்போன ஒரு கல்யாண போட்டோ, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், ஓரம் கிழிந்த அடையாள அட்டை. நடுவில் கசங்காமல் இருந்தது மஞ்சள் சீட்டு.

"இருபதும் சிக்கிடுச்சு" என்று மேற்பார்வையாளர் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "கணக்கு சுத்தம் டீச்சர். இனி எந்தக் கொம்பனும் குறை சொல்ல முடியாது. கையெழுத்தைப் போடுங்க."

"ஒரே ஒரு ஆளு சார். இன்னும் ஒரு தெரு பாத்துடலாமே."

"எல்லாத் தெருவும் பாத்தாச்சு. மணியும் ஆறாச்சு."

டீச்சர் கையெழுத்துப் போட்டாள். தாள் உறைக்குள் போனது, உறை மேல் அரக்கு முத்திரை விழுந்தது. மேற்பார்வையாளர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டார்.

டீச்சர் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, அதைக் காட்ட எதிரில் தாடிக்காரர்தான் இருந்தார்.

"நீங்க நிஜ ஆளா இருந்திருக்கக் கூடாதா? ஒரு ஆளு கூட இருந்திருந்தா இங்க ஒரு காப்பகம் வந்திருக்கும்."

அவர் முகம் மாறியது. "அப்படியாம்மா? எங்ககிட்ட யாரும் அதைச் சொல்லலியே. ஆளுக்கொரு சீட்டைக் குடுத்து, கேட்டா நீட்டுங்கன்னு மட்டும்தான் காண்ட்ராக்டர் சொன்னாரு."

"உங்களைச் சொல்லி என்ன பண்ண, வந்த வேலையைப் பாத்தீங்க. வேஷம்தான் முடிஞ்சுதே, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் கவரைப் பழையபடி மடித்துத் தலைமாட்டில் வைத்தார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

"எங்க இருபது பேருக்குமே வீடு இல்லம்மா."