பத்துக்குப் பத்து

“வேணாம் மிஸ்,” என்று தண்ணீர்ப் போத்தலைத் தள்ளிவிட்டாள் ரபீக்கா. அவள் உதடு வெடித்திருந்தது. ஆய்ந்த கச்சான் கடலை நிறைந்த கடகப் பெட்டியில் சாய்ந்து, அடிவயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

துசானிக்குப் பதற்றமாகிவிட்டது. கச்சான் வாங்கும் கொம்பனியிலிருந்து, தோட்டத்தின் சுத்தத்துக்குப் புள்ளி போட வந்தவள் அவள்.

“ஒரு வாயாவது குடியுங்கோ அக்கா. மயங்கி விழப்போறீங்கள்.”

“நோன்பாக்கும் மிஸ்,” என்றார் தோட்டக்காரர் வேலாப்போடி. “இண்டைக்கு வியாழனெல்லோ. மூதூர்ப் பொம்பிளையள் பிடிக்கிறவங்கதானே.”

துசானி போத்தலைப் பக்கத்து வரிசையில் இருந்த அன்னலட்சுமியிடம் நீட்டினாள். நெற்றியில் குங்குமம் வியர்வையோடு வழிய, அவளும் வேண்டாமென்று தலையாட்டினாள்.

“உங்களுக்கும் நோன்போ?”

“அவ கூட்டாளிக்காகப் பட்டினி!” வேலாப்போடி சிரித்தார். பெண்கள் சிரிக்கவில்லை.

வேலையாட்களின் கழிப்பறையைப் பார்த்ததும் துசானிக்கு மனம் குளிர்ந்தது. போன போகம் இதே வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்த அழுக்கு கச்சானில ஒட்டும்” என்று சைபர் போட்டவள் அவள்தான். இன்றைக்குத் தரை பளிங்கு மாதிரிக் கிடந்தது. குழாயடிச் சவர்க்காரக் கட்டியில் பெயர் எழுத்துக்கூட அழியவில்லை. பத்துக்குப் பத்து போட்டுக் கையெழுத்தும் வைத்தாள்.

“அப்பாடா! இருங்க மிஸ், செவ்விளநீர் வெட்டிக்கொண்டு வாறன்,” என்று வேலாப்போடி நகர்ந்தார்.

துசானி திரும்பி வந்தபோது ரபீக்கா மண்ணில் சுருண்டு கிடந்தாள். தலை அன்னலட்சுமியின் மடியில்.

“நோன்பை விடுங்கோ அக்கா. வருத்தமெண்டா அல்லா கோவிக்க மாட்டார்.”

“நோன்பில்ல மிஸ், சலக்கடுப்பு,” ரபீக்கா முனகினாள். “தண்ணி குடிச்சா ஒதுங்கோணும். இந்த வெட்டவெளியில எங்க ஒதுங்கிற?”

“அங்க கக்கூஸ் இருக்கே!”

அன்னலட்சுமி அந்தப் பக்கம் கை காட்டினாள். போகிற போக்கில் வேலாப்போடி சவர்க்காரத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, கழிப்பறைக் கதவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

துசானி படிவத்தை வெடுக்கென்று எடுத்தாள். “இப்பவே வெட்டி எழுதுறன்!”

“எழுதினா கொம்பனி கச்சான் எடுக்காது. எங்களுக்கும் நாளைக்கு வேலை இல்ல,” என்றாள் அன்னலட்சுமி.

பேனை தாளில் படாமல் அப்படியே நின்றது. “எப்ப இருந்து பூட்டி வைக்கிறார்?”

“நீங்க சைபர் போட்ட நாளில இருந்து மிஸ்.”