ஓட்டைக் குழாய்த் திருடன்

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கான்ஸ்டபிள் எத்தனையோ திருடர்களைப் பார்த்தவர். ஓட்டைக் குழாயைத் திருடுகிறவனைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"ஓட்டைன்னு எழுதாதீங்க சார். லேசா சொட்டும், அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர். "எங்கப்பா கையால மாட்டின குழாய். துணி சுத்தி வச்சிருந்தேன். பாவி, துணியோட சேத்துத் தூக்கிட்டான்."

தெருக்கோடியில் இருந்த அந்தப் பழைய வீட்டில் ஓர் ஆணியைக்கூட மாற்ற அவர் விட்டதில்லை. வீட்டுக்காரம்மா வாயைத் திறந்தால், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். அந்த அடுத்த மாசம் முப்பது வருஷமாக வரவே இல்லை. இப்போது வேறு வழியில்லாமல் பளபளவென்று புதுக் குழாய் வாங்கி மாட்டினார்.

மறுவாரம் கரையான் அரித்த குளியலறைக் கதவு போயிற்று. அதற்கடுத்த வாரம், திறந்தால் தெருவையே எழுப்பிவிடும் வாசல் கேட். டிவி அப்படியே இருந்தது. கதவைக் கழற்றியவன் உள்ளே இருந்த புதுச் சோப்பைக்கூடத் தொடவில்லை. பூட்டும் உடையவில்லை.

"சாவியை எங்க வைப்பீங்க?"

"பூந்தொட்டிக்கு அடியில. அது யாருக்கும் தெரியாது சார்."

"ரோஜாத் தொட்டி" என்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒருவர் எடுத்துக்கொடுத்தார்.

ஸ்டேஷனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"என்னய்யா, ஒரு ஓட்டை உடைசல் திருடனைப் பிடிக்க உனக்குத் துப்பில்லையா? சனிக்கிழமைக்குள்ள ஆளைக் கொண்டாந்து நிறுத்து. இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நாலு ரோடு சந்திப்புல வெயில்ல நின்னு கை காட்டு."

கான்ஸ்டபிளுக்கு வெயில் ஆகவே ஆகாது. பத்து நிமிஷம் நின்றால் பூமி சுற்ற ஆரம்பித்துவிடும். பயந்துபோய் மும்முரமாக விசாரணையில் இறங்கினார்.

இந்தத் திருட்டால் யாருக்கு லாபம்? நேரே வீட்டுத் தரகரிடம் போனார். அந்த ஆள் மறைக்கக்கூட இல்லை.

"குழாய், கதவு, கேட்டு. மூணு மாத்தினதுக்கே வீட்டோட மதிப்பு எங்கேயோ போயிடுச்சு சார்! அந்தச் சமையலறை ஜன்னலையும் ஒரு கை பாத்துட்டான்னா இன்னும் அமோகமா இருக்கும்."

ஆனால் தரகரின் காலில் ஒரு மாசமாக மாவுக்கட்டு. உள்ளே நிஜமாகவே உடைந்த கால் இருக்கிறதா என்று கான்ஸ்டபிள் லத்தியால் தட்டிப் பார்த்தார். கேட்ட அலறலைப் பார்த்தால், இருந்தது. அப்படியென்றால் ஆள் வைத்துச் செய்கிறான்!

வீட்டுக்காரம்மாவின் மேலும் ஒரு கண் இருந்தது. ஆனால் திருட்டு நடந்த மூன்று நாளும் மத்தியானம் அவர் தையல் கிளாஸில் இருந்திருக்கிறார். பக்கத்து மெஷினில் இருந்தது கான்ஸ்டபிளின் மனைவியேதான். அதைவிடப் பெரிய சாட்சி எங்கே கிடைக்கும்? அந்தப் பேரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"தரகரோட ஆளு லேசுப்பட்டவன் இல்ல. கதவை என்னமா கழட்டியிருக்கான் தெரியுமா? கீல்ல ஒரு கீறல் இல்ல!"

மனைவி அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். தன் துப்பறியும் கண்ணை வீட்டில் ஒருத்தியாவது மதிக்கிறாளே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"அது கிடக்கட்டும். நம்ம பாத்ரூம் கதவை எப்பங்க மாத்தப் போறீங்க?"

கயிறு கட்டி ஆறு வருஷமாக நிற்கும் பச்சைக் கதவு அது. குளிக்கிறவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே குளிக்க வேண்டும்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம். நானே சனிக்கிழமை அந்த ஜன்னலுக்குக் காவல் இருக்கணுமேன்னு கவலையில இருக்கேன்."

அவர் ஒளிந்திருக்கப்போவது அவருக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டுமே தெரிந்த பரம ரகசியம். மனைவியிடம் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

சனிக்கிழமை மத்தியானம் முழுக்க சமையலறையில், கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் குந்தியிருந்தார். ஓர் ஈ வந்தது. ஒரு பூனை வந்தது. திருடன் வரவில்லை. ஐந்து மணிக்குக் கால் மரத்துப்போய், திங்கட்கிழமை வெயிலை நினைத்து நொந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

தெருமுனையில் பழைய சாமான் வாங்குகிறவரின் தள்ளுவண்டி எதிரே வந்தது. மேலே ஒரு பச்சைக் கதவு. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்தபடி ஒதுங்கி வழிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கழுவப் போனார். குளியலறைக்குக் கதவைக் காணோம். கயிறு மட்டும் அழகாகச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கீலில் ஒரு கீறல் இல்லை.

வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவியும் அந்த வீட்டுக்காரம்மாவும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். அவரைக் கண்டதும் கப்சிப். மனைவியின் தையல் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

கான்ஸ்டபிள் அதைப் பார்த்தார். கதவில்லாத நிலைச்சட்டத்தைப் பார்த்தார். மறுபடி ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார்.

"அய்யய்யோ, நம்ம கதவு!" என்று மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. மத்தியானம் பூரா அக்காகூடத் தையல் கிளாஸ்லதான் இருந்தேன்."

"ஆமா சார், நான் சாட்சி" என்றார் வீட்டுக்காரம்மா.

திங்கட்கிழமை காலை, ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் புதுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சோப்புத் தேய்த்துக் குளித்துவிட்டு, கான்ஸ்டபிள் நாலு ரோடு சந்திப்பில் கை காட்டப் புறப்பட்டார்.