மேலே ஒட்டிய கை

கிர்ர்ர் என்று குட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் உள்ளங்கை அளவுப் போர் விமானம் ஒன்று கண்ணில் பட்டது. பொம்மைகள் சேர்க்கும் ஞானதுரை அதைப் பழைய பொருள் கடையில் வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்த மறந்து வேலைக்குப் போயிருந்தார்.

அதே அலமாரியில், விமானந்தாங்கிக் கப்பலின் தளம்போல் செய்த பலகையில் நின்ற சைகைக்காரப் பொம்மைக்கு உள்ளம் குளிர்ந்தது. விமானங்களுக்குக் கை காட்டி இறக்குவதுதான் அவர் உத்தியோகம். மூன்று வருஷமாக ஒன்றுகூட வரவில்லை. ஆனால் உடைந்துபோன அவர் வலக் கையை ஞானதுரை அவசரத்தில் தலைக்கு மேலே தூக்கி ஒட்டியிருந்தார். கப்பல்காரர்களிடம் அதற்கு, ‘இறங்காதே, போய்விடு’ என்று அர்த்தம்.

விமானம் அந்தக் கையைப் பார்த்தது. “இங்கேயும் இடமில்லையா? ஏற்கெனவே மூணு வீட்டு அலமாரியிலேர்ந்து விரட்டியாச்சு” என்று பின்னால் உருண்டது. பின்னால் அலமாரியின் விளிம்பு.

“ஏய், நில்லு! இது பசை பண்ணின கூத்து!”

“கை ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. எதை நம்பறது?”

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைக்காரன் பக்கத்திலிருந்து சிரித்தான். “நீங்க பேசிக்கிட்டே இருங்கண்ணே, அது விழுந்து நொறுங்கட்டும்.”

சைகைக்காரர் அவனுடைய கட்டையை இடக் கையால் பிடுங்கிக்கொண்டு ஓடினார். சக்கரம் விளிம்பைத் தொடும்போது அடியில் செருகினார்.

விமானம் திகைத்தது. “போகச் சொல்லிட்டு ஓடிவந்து பிடிக்கிறீங்களே, என்ன ஆளு நீங்க?”

“ஒட்டுப்போட்ட ஆளு” என்றார் மூச்சிரைக்க. “உள்ளே வா, மாப்ளே.”

விமானம் மெல்ல உருண்டு தளத்தில் ஏறி நின்றது. சைகைக்காரர் தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, இன்னொரு கையால் தளத்துத் தூசியைத் துடைக்கத் தொடங்கினார்.